பழைய வண்டியும் புதுப் பெட்ரோலும்



இன்றைக்கு நான் பேச வந்தது விதையைப் பற்றி அல்ல; உரத்தைப் பற்றியும் அல்ல. உங்கள் திண்ணையோரம் நிற்கிற பழைய மொபெட், சந்தைக்குப் போய்வருகிற பழைய கார், கொட்டகை மூலையில் கிடக்கிற விசைத்தெளிப்பான், இவையெல்லாம் குடிக்கிற பெட்ரோலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தப் பெட்ரோல் மாறிவிட்டது. அது மாறியதற்கு ஏற்ப நம்முடைய பழக்கம் மாறியதா என்பதுதான் கேள்வி.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மக்காச்சோளம் போட்டிருந்த ஒரு பெரியவர். பயிருக்கு இருபது நாள் வயசு. குருத்திலே படைப்புழு விழுந்துவிட்டது. உடனே மருந்தடிக்க வேண்டும். புழு பெருத்து, குருத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் அப்புறம் மருந்து எட்டாது. பெரியவர் விசைத்தெளிப்பானை எடுத்தார். கேனில் இருந்த பெட்ரோலை ஊற்றினார். கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்த பிறகு இன்ஜின் கிளம்பியது. சோக்கைப் போட்டபடியே திக்கித் திணறி ஓடியது. கால் ஏக்கர்கூட அடித்திருக்க மாட்டார், 'கிறீச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. கயிறு அசையவில்லை.

"எண்ணெய் கலக்காம ஊத்திட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க? கணக்காக் கலந்ததுதான். போன போகத்துல மிச்சமானது, அப்படியே கேன்ல இருந்துச்சு. பெட்ரோல் என்ன, பாலா? கெட்டா போயிடும்?"

கேனில் மிஞ்சியதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஆடாமல் வைத்துப் பார்த்தோம். பாட்டிலில் இரண்டு அடுக்கு. மேலே எண்ணெய் நிறத்தில் பெட்ரோல். அடியில் வெளுத்த ஒரு நீர். கேனின் மூடி சரியாக இறுகாமல், கூரை ஒழுக்குக்கு அடியிலேயே ஒரு மழைக்காலம் முழுக்க இருந்திருக்கிறது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீர் செய்த வேலைதான் இது.

பெரியவருக்கு இன்ஜின் செலவு ஒரு பக்கம். நாலு நாள் மருந்தடிப்பு தள்ளிப்போனது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கலந்திருப்பது என்ன?

இப்போது பங்கில் நமக்கு ஊற்றுகிற பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் என்றால் எரிசாராயம். இதைத்தான் இ-20 என்கிறார்கள். ஐந்து லிட்டர் போட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர் சாராயம், நாலு லிட்டர் பெட்ரோல்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. பெட்ரோலில் சாராயம் கலப்பதற்கென்று 1948-லேயே நம் நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். 2003-ல் சில மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து என்று தொடங்கினார்கள். 2022-ல் நாடு முழுவதுமாகச் சராசரி பத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் இருபது சதவிகிதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2025-ல் அதுவே எங்கும் பரவிவிட்டது. பிரேசில் நாட்டில் 2015 முதல் 27 சதவிகிதம் கலந்தார்கள். 2025 ஆகஸ்டில் அதை 30 ஆக்கினார்கள். ஆகவே இது யாரும் செய்யாத காரியமும் அல்ல.

இந்தச் சாராயம் எங்கிருந்து வருகிறது? நம் வயலிலிருந்துதான். கரும்புச் சாறு, ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகு, உடைந்த அரிசி, மக்காச்சோளம். ஒரு டன் கரும்பின் சாற்றை நேராகவே சாராயமாக்கினால் ஏறக்குறைய 70 லிட்டர் கிடைக்கும். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர். அதாவது நூறு கிலோ மூட்டை ஒன்றுக்கு 38 லிட்டர். நீங்கள் விற்ற சோளமே சாராயமாகி, உங்கள் டேங்குக்கே திரும்பி வந்தாலும் வரலாம்.

கரும்புக்கும் சோளத்துக்கும் இன்னொரு வாங்குகிறவர் வந்திருக்கிறார் என்ற வகையில் இது விவசாயிக்கு நல்லதே. ஆனால் நம்முடைய பழைய இன்ஜின்கள் இந்தத் தீனிக்குப் பழகியவை அல்ல. பழகாத மாட்டுக்குத் தீவனம் மாற்றும்போது என்ன செய்வோம்? பார்த்துப் பார்த்துச் செய்வோம் அல்லவா? இதற்கும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

யாருக்குக் கவலை, யாருக்கு இல்லை?

டிராக்டர், டீசல் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டாம். பங்கில் விற்கிற டீசலில் எத்தனால் கலப்பதில்லை.

2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த பெட்ரோல் வண்டிகளில் ரப்பர், உலோக பாகங்கள் இ-20 தாங்கும்படி செய்யப்பட்டவை. 2008-க்குப் பின் வந்தவை பத்து சதவிகிதக் கலப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கும் முன்னால் வந்த மொபெட், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், அம்பாசிடர், பியட் போன்ற கார்கள், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சிறு பம்ப்செட், பழைய விசைத்தெளிப்பான், களை வெட்டும் கருவி, இவற்றுக்குத்தான் நம் கவனிப்பு தேவை.

மைலேஜ் குறையுமா?

குறையும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் சாராயத்தில் இருக்கிற வெப்பசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு சாராயம் கலந்தால் மொத்தச் சக்தியில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு குறைகிறது. கணக்கு அவ்வளவுதான்.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே இதை ஒத்துக்கொள்கிறது. சுத்தப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, பத்து சதவிகிதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் ஆறு ஏழு சதவிகிதமும், இரண்டு சக்கர வண்டிகளில் மூன்று நாலு சதவிகிதமும் மைலேஜ் குறையலாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 48 கொடுக்கும். மாதம் இருபது லிட்டர் போடுகிறவர் இன்னும் ஒரு லிட்டர் கூடுதலாகப் போட நேரலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 50 கொடுத்த வண்டி திடீரென்று 35 கொடுத்தால் அது சாராயத்தின் குற்றமல்ல. வேறு கோளாறு இருக்கிறது. எல்லாப் பழியையும் புதுப் பெட்ரோல் மேல் போட்டுவிட்டு உண்மையான வியாதியைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதல் எதிரி தண்ணீர்

சுத்தப் பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் அது கலக்காது. அடியில் போய்த் தேங்கும். சாராயம் அப்படி இல்லை. அதற்குத் தண்ணீர் என்றால் உறவு. எங்கே தண்ணீர் இருந்தாலும் இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் வரைக்கும் ஒன்றும் தெரியாது. பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். பத்து சதவிகிதக் கலப்பாக இருந்தால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டித் தண்ணீர், ஏறக்குறைய 5 மில்லி, தாங்கும். இருபது சதவிகிதக் கலப்பு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

அந்த எல்லையைத் தாண்டினால்தான் ஆபத்து. அப்போது சாராயம் பெட்ரோலைக் கைவிட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அடியில் இறங்கிவிடும். டேங்கின் குழாய் எங்கே இருக்கிறது? அடியில். ஆகவே இன்ஜினுக்கு முதலில் போவது தண்ணீரும் சாராயமும்தான்.

நாலு வீச்சு இன்ஜினாக இருந்தால் பெரும்பாலும் திக்கித் திணறி நின்றுபோகும். தனி எண்ணெய் இருப்பதால் உயிர் தப்பும். ஆனால் இரண்டு வீச்சு இன்ஜினுக்குத் தனி எண்ணெய் கிடையாது. பெட்ரோலில் நாம் கலக்கிற டூ-டி ஆயில்தான் அதற்கு உயிர். அந்த ஆயில் மேலே இருக்கிற பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. அடியில் இறங்கிய சாராய நீரில் எண்ணெய்ப் பசை இல்லை. அது இன்ஜினுக்குள் போனால் பிஸ்டன் வறட்டு ஓட்டம் ஓடுகிறது, சூடேறிப் பிடித்துக்கொள்கிறது. பெரியவருடைய விசைத்தெளிப்பானுக்கு நேர்ந்தது இதுதான். அவர் எண்ணெய் கலந்தது பொய்யில்லை. கலந்த எண்ணெய் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை.

"நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றினால் சரியாகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. குலுக்கினால் கலந்தது மாதிரி தெரியும். சற்று நேரத்தில் மறுபடி பிரிந்துவிடும். ஒரு தடவை பிரிந்த பெட்ரோலை வண்டியில் போடவே கூடாது.

காற்றிலுள்ள ஈரத்தால் மட்டும் பெட்ரோல் சீக்கிரம் பிரிந்துவிடாது. அதற்கு நாள் பிடிக்கும். பெரும்பாலும் தண்ணீர் வருவது மூடி வழியாகத்தான். மழையில் நிறுத்திய வண்டி, வாஷர் தேய்ந்த மூடி, வண்டி கழுவும்போது பீய்ச்சிய தண்ணீர், இவைதான் காரணம். ஆகவே டேங்க் மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். சில ரூபாய் வேலை; ஒரு இன்ஜினைக் காப்பாற்றும்.

இரண்டாவது எதிரி பழைய ரப்பர்

தச்சு வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரத்துக்குப் பூச அரக்கு வார்னிஷ் காய்ச்சும்போது அரக்கை எதில் கரைப்பார்கள்? ஸ்பிரிட்டில்தான். பெட்ரோலில் கரையாத சில சரக்குகள் சாராயத்தில் கரையும். பழைய கார்புரேட்டர்கள் சிலவற்றில் தக்கையால் செய்த மிதவை இருக்கும். அதற்கு அரக்குப் பூச்சுப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு கரைந்தால் தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழியும்.

ரப்பரும் அப்படித்தான். பழைய வகை ரப்பர் ட்யூப் சாராயத்தில் ஊறிப் பருத்து, மெத்தென்று ஆகும். அப்புறம் காய்ந்து வெடிக்கும். பெட்ரோல் பம்பின் டயாப்ரம், கார்புரேட்டர் காஸ்கட், ஊசி வால்வின் ரப்பர் முனை, எல்லாவற்றுக்கும் இதே கதி வரலாம். துத்தநாகம், பித்தளை, அலுமினியம் போன்ற உலோகங்களையும், தண்ணீர் கலந்த சாராயம் நாளடைவில் அரிக்கும். துரு ஏறிய டேங்குக்கு உள்பூச்சுப் பூசி ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பூச்சு சாராயம் தாங்குகிற ரகமா என்று கேட்டு அறியுங்கள். இல்லாவிட்டால் உரிந்து வந்து குழாயை அடைக்கும்.

ட்யூப் கசிவது வெறும் பெட்ரோல் நஷ்டமல்ல. சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீ. வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ட்யூபை விரலால் தடவிப் பாருங்கள். விரல் ஈரமானாலோ, பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தாலோ, அழுத்தினால் கொழகொழ என்றிருந்தாலோ உடனே மாற்றுங்கள். கடையில் "ட்யூப் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குகிற ட்யூப்" என்று கேளுங்கள். விட்டான் என்று ஒரு ரப்பர் வகை உண்டு. வாஷர், வால்வு முனை போன்றவை அந்த வகையில் கிடைத்தால் நீடித்து உழைக்கும். இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க, உரக்கடைத் தெளிப்பான் ட்யூபை வெட்டி மாட்டுவது வேண்டாம்.

பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில், சில பழைய வண்டிகளில் இருபதாயிரம் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் காஸ்கட்டையும் மாற்ற வேண்டிவரலாம் என்று சொன்னது. கலப்பில்லாத பெட்ரோலும் விற்க உத்தரவிட வேண்டும் என்று போடப்பட்ட ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. ஆகவே பழைய பெட்ரோல் திரும்பி வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நம் வண்டியை நாம்தான் தயார் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, காற்றும் பெட்ரோலும்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சாராயத்துக்கு 9 கிலோ போதும். காரணம், சாராயத்துக்குள்ளேயே கொஞ்சம் பிராணவாயு இருக்கிறது. இருபது சதவிகிதக் கலப்புக்கு ஏறக்குறைய 13½ கிலோ காற்று போதும்.

புது வண்டிகளில் புகையை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் அளவைத் தானே கூட்டிக் குறைக்கிற கருவி இருக்கிறது. பழைய கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. அதிலே இருப்பது ஒரு துளை, அதாவது ஜெட். சுத்தப் பெட்ரோலுக்கென்று குடைந்த துளை வழியாகக் கலப்புப் பெட்ரோல் வந்தால், வேண்டியதைவிட ஏழெட்டு சதவிகிதம் குறைவாகத்தான் கிடைக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. மெக்கானிக் இதை 'லீன்' என்பார்.

இதன் அடையாளம் என்ன? காலையில் கிளம்ப அடம் பிடிக்கும். திராட்டிலைத் திருகினால் ஒரு கணம் தயங்கும். மேடு ஏறும்போது இழுவை குறையும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் மூக்கு காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் லீனாக ஓடுகிறது, சூடு அதிகம் என்று அர்த்தம்.

நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார்புரேட்டர் ஊசியின் பூட்டை ஒரு வெட்டு கீழே இறக்கி மாட்டினால் ஊசி உயர்ந்து, பெட்ரோல் சற்றுக் கூடும். அதற்கும் சரியாகாவிட்டால் ஒரு எண் பெரிய மெயின் ஜெட் போடலாம். ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குடைகிற வேலை மட்டும் கூடவே கூடாது. துளை எவ்வளவு பெரிதாகும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும்.

அழுக்கு கிளம்பும்

இன்னொரு விஷயம். சாராயம் நல்ல சலவைக்காரன். இருபது வருஷமாக டேங்கில் ஒட்டிக் கிடந்த துருவையும் பிசினையும் கிளப்பிக்கொண்டு வரும். புதுப் பெட்ரோல் போட்ட சில நாளில் வண்டி நின்று நின்று போனால் பலர் பெட்ரோலைத் திட்டுவார்கள். பில்டரைக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு மண் மாதிரி துரு இருக்கும். பழைய வண்டியாக இருந்தால் டேங்கைக் கழற்றி ஒரு முறை நன்றாகச் சுத்தம் செய்துவிடுங்கள். பில்டரை மாற்றுங்கள். இரண்டு மூன்று டேங்க் பெட்ரோல் ஓடிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

பழைய கார்களும் வேக வண்டிகளும்

கோடையில் பழைய அம்பாசிடர் வழியில் நின்றுபோய், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு டிரைவர் காத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்வதுதான் காரணம். சாராயம் கலந்த பெட்ரோல் இன்னும் சற்று எளிதில் ஆவியாகும். ஆகவே பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போகாதபடி விலக்கிக் கட்டுங்கள். பம்ப் டயாப்ரத்தை மாற்றி வையுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் அளவைப் பாருங்கள்.

வீட்டுப் பிள்ளைகள் சிலர், "அப்பா, சாராயம் கலந்தா வண்டி பறக்கும், ரேஸ் வண்டியே அதுலதான் ஓடுது" என்று சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை உண்டு. 2007-ல் அமெரிக்காவின் இண்டி பந்தயக் கார்கள் முழுக்க எத்தனாலிலேயே ஓடின. சாராயம் சிலிண்டருக்குள் போகும்போது நன்றாகக் குளிரூட்டும். இன்ஜின் 'நாக்' அடிக்காமல் தாங்கும். பெட்ரோலின் ஆக்டேன் எண் 91, இ-20-க்கு 95. அதிக அழுத்தம் தருகிற இன்ஜினுக்கு இது லாபம். ஆனால் அந்த வண்டிகளின் ட்யூப், ஜெட், தீப்பொறி நேரம் எல்லாம் அதற்கென்றே அமைத்தவை. அழுத்தம் குறைவான நம் பழைய வண்டிக்கு ஆக்டேன் கூடினால் பலம் கூடாது. வேகத்துக்காகச் சைலன்சரை மாற்றி, காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அப்படிச் செய்தால் காற்று இன்னும் கூடும். ஏற்கெனவே லீனாக ஓடுகிற இன்ஜின் பிஸ்டனைச் சுட்டுவிடும்.

சேமித்து வைப்பது

நமக்கு முக்கியமான பாடம் இதில்தான் இருக்கிறது. தினம் ஓடுகிற மொபெட்டுக்குப் பெரிய தொந்தரவு வராது. போட்ட பெட்ரோல் வாரத்துக்குள் தீர்ந்துவிடும். கெட்டுப்போவது, போகத்துக்குப் போகம் எடுக்கிற கருவிதான். ஆகவே இவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று. வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். எண்ணெய் கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். கலந்த தேதியைக் கேனிலேயே சாக்பீஸால் எழுதுங்கள்.

இரண்டு. எண்ணெய் எவ்வளவு கலப்பது என்பதில் அவரவர் கருவியோடு வந்த புத்தகத்தில் உள்ள கணக்கைப் பின்பற்றுங்கள். அண்டை வீட்டுக் கருவியின் கணக்கு உங்கள் கருவிக்குப் பொருந்தாது.

மூன்று. வேலை முடிந்து கருவியை ஓய்வில் வைக்கும்போது டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள். கார்புரேட்டரில் ஒரு சொட்டும் தங்கக்கூடாது.

நான்கு. கேனை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, மூடியை இறுக்கி வையுங்கள். அடுப்பு, விளக்கு, பீடி நெருப்பு அண்டாத இடமாக இருக்கட்டும். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஐந்து. வெள்ளம் வந்து வடிந்த ஊரில், பங்கில் உடனே போய் நிறையப் போடாதீர்கள். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் முதலில் மாட்டிக்கொள்வது நம் வண்டிதான்.

சந்தேகம் வந்தால் சோதனை

பழைய பெட்ரோலை ஊற்றும் முன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அரைமணி நேரம் ஆடாமல் வையுங்கள். கேனின் அடியிலிருந்து எடுக்க வேண்டும். மேலாக எடுத்தால் தெரியாது. கோடு போட்டது போல இரண்டு அடுக்குத் தெரிந்தாலோ, பால் கலந்தது போலக் கலங்கியிருந்தாலோ அது ஆகாது.

எவ்வளவு சாராயம் கலந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 50 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அதன் மேல் 50 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடி, குலுக்கி வையுங்கள். பெட்ரோலில் இருந்த சாராயம் முழுக்கத் தண்ணீருக்கு வந்துவிடும். அடியில் இருக்கிற தண்ணீர் 50-லிருந்து 60 அளவுக்கு உயர்ந்தால் கலப்பு இருபது சதவிகிதம். 55 என்றால் பத்து. இதைத் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், பகலில்தான் செய்ய வேண்டும். சோதித்ததைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள்.

கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அப்படிப் பிரிந்த சாராயத்தைக் குடிக்கலாமா என்று யாராவது விளையாட்டுக்குக்கூட நினைக்கக்கூடாது. அதில் பெட்ரோலின் விஷம் கலந்திருக்கிறது. உயிருக்கே உலை. டேங்கிலிருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கிற பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

முடிவாக

உழவர் பெருமக்களே, இந்தப் புதுப் பெட்ரோலை விஷம் என்று பயப்படவும் வேண்டாம். எல்லா வண்டிக்கும் ஒத்துக்கொள்ளும் என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். மைலேஜில் கொஞ்சம் போகும். அது நம் கையில் இல்லை. ஆனால் இன்ஜின் போவதும் தங்குவதும் நம் கையில்தான் இருக்கிறது. தண்ணீர் இறங்காத மூடி, சாராயம் தாங்குகிற ட்யூப், சரியான ஜெட், புதிதாகக் கலந்த பெட்ரோல். இந்த நாலும் இருந்தால் முப்பது வருஷத்து மொபெட்டும் இன்னும் பல வருஷம் ஓடும்.

அந்தப் பெரியவர் புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு விசைத்தெளிப்பானைச் சரிசெய்துவிட்டார். அடுத்த தடவை போனபோது பார்த்தேன். கொட்டகையில் கேன் கவிழ்த்து வைத்திருந்தது, காலியாக. "வேலைக்கு முதல் நாள்தானுங்க வாங்குறது இப்போ" என்றார்.

நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கொட்டகை மூலையில் இருக்கிற கேனைத் திறந்து பாருங்கள். மருந்தடிக்கிற அன்றைக்குத் திறந்து பார்ப்பதைவிட அது நல்லது.